மாமரத்தடியும் மதிலோரமும்: தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: பாட்டனார் காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் மாடி வீடு கட்டியிருக்கிறோம். சீமை ஓடுகள், பழைய செங்கற்கள், கடப்பாக்கல் துண்டுகள், ஓர் ஆட்டுக்கல் என எல்லாம் கொல்லையில் குவிந்து கிடக்கின்றன. அங்குள்ள பெரிய மாமரத்தின் அடியில் புல்கூட முளைப்பதில்லை. வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே உள்ள நான்கடிச் சந்து கோடையில் புழுதியாகவும் மழையில் சேறாகவும் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் சிமென்ட் தளம் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். வேறு வழி உண்டா?
வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. அதற்கான பொருள்களில் பெரும்பகுதி உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது. சிமென்ட் தளம் மட்டும் வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மரத்தடியைத் தளம் போட்டு மூடினால் வேருக்குப் போக வேண்டிய நீரும் காற்றும் தடைப்படும். இந்தக் காரணத்தால்தான் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. சந்துப் பகுதியையும் மூடிவிட்டால், உங்கள் மனையில் பெய்யும் மழை மண்ணில் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடும். 2003-இலேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், மண் தானே செய்துகொண்டிருக்கும் சேகரிப்பை நாம் தடுக்கலாகாது.

இரண்டு இடங்களும் வெறுமையாகக் கிடப்பதற்கு வெவ்வேறு காரணங்கள் இருப்பதால், இரண்டுக்கும் ஒரே செடியை வாங்கி வைப்பது வீண் செலவு. மாமரத்தடியில் வெயில் விழுவதில்லை. போதாததற்கு, நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே கிளைகளின் விளிம்பு வரை பரவியிருப்பதால், புதிதாக முளைக்கும் எதற்கும் பங்கு கிடைப்பதில்லை. சந்தில் காரணம் வேறு. கட்டுமானத்தின்போது ஆள்களும் வண்டிகளும் மிதித்து மண் இறுகியிருக்கும். சுவரிலிருந்து உதிர்ந்த சிமென்ட், காரைத் துணுக்குகள் கலந்து மண் சுண்ணாம்புத்தன்மை அடைந்திருக்கும். சுவரோரம் இட்லிப்பூச் செடி இருந்தால் அதன் இளம் இலைகளைப் பாருங்கள்: நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றப் பகுதி மஞ்சளித்திருந்தால் இதுவே பெரும்பாலும் காரணம். மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அறிய, ஓரடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் தேங்கி நின்றால், கடப்பாரையால் மண்ணைக் கிளறித் தொழுவுரம் கலக்காமல் எந்தச் செடியையும் நட வேண்டாம்.

சந்துப் பகுதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செங்கற்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவையாக இருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. கொத்துக் கரண்டியின் பின்புறத்தால் தட்டினாலே காரை உதிர்ந்து கல் முழுதாக வந்துவிடும். சிமென்ட் கலவையில் கட்டிய கல்லோ கலவையை விடாமல் தானே உடையும். சந்தின் நடுவில் இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டியெடுத்து, இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாக, அதாவது குறுகிய நீளப் பக்கம் மேலே தெரியும்படி, ஒன்றுக்கொன்று விரற்கடை இடைவெளி விட்டு அடுக்குங்கள். படுக்கையாக வைத்த பழங்கல் நடமாட்டத்தில் சீக்கிரம் உடையும். வாட்டம் வீட்டுச் சுவரிலிருந்து மதிலை நோக்கி இருக்க வேண்டும். எட்டடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சரிந்தால் போதும். இடைவெளிகளில் மணலும் சலித்த தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள்.

சீமை ஓட்டைப் பலர் தரையில் படுக்கையாகப் பதித்துவிடுகிறார்கள். அது மெல்லியது, கால் பட்டதும் விரிசல் விடும். நடைபாதையின் இரு ஓரங்களிலும் கையகல ஆழத்துக்கு வாய்க்கால்போலத் தோண்டி, உடைந்த முனை மண்ணுக்குள் போகும்படி ஓடுகளை நெருக்கமாக நிறுத்திவைத்தால், மண் பாதைக்குச் சரியாத உறுதியான வரப்பு கிடைக்கும். கடப்பாக்கல்லைப் பதிப்பதானால் வழவழப்பான முகம் கீழேயும் சொரசொரப்பான முகம் மேலேயும் இருக்கட்டும். பெரியவர்கள் மழைநாளில் வழுக்கி விழும் இடமாக அது ஆகிவிடக் கூடாது.

பாதையின் இருபுறமும் கல் இடுக்குகளிலும் நடுவதற்குப் பொடுதலையைப் பரிந்துரைக்கிறேன். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச நம் வீடுகளில் தேடும் அதே செடிதான். உங்கள் ஊர்ப் பக்கத்தில் வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் தானாகவே படர்ந்து கிடக்கிறது. விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு ஒட்டிப் படரும், ஓரளவு மிதியையும் உப்பையும் தாங்கும், சிறிய வெண்ணிறப் பூக்களை நாடித் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும். அயல்நாட்டுப் புல்தரை கேட்கும் நீரையும் வெட்டு வேலையையும் நினைத்துப் பார்த்தால், இதைவிட்டு அதை ஏன் நாடுகிறோம் என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நடுவதற்கு முன் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். மேலே மட்டும் அறுத்தால் மீண்டும் முளைத்துப் பொடுதலையை அமுக்கிவிடும். புரட்டாசியில் முக்கால் அடி இடைவெளியில் துண்டுகளை நட்டால், வேர் பிடிக்கும் வேலையை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

மாமரத்தடியில் எதையும் கொத்த வேண்டாம். மேலே மண்ணைக் கொட்டி மேடாக்கவும் வேண்டாம். விழும் சருகை அங்கேயே பரப்பிவைப்பதுதான் முதல் வேலை. மாவிலை தடித்தது, மெதுவாகத்தான் மட்கும் என்பதால் நெடுநாள் போர்வையாக நிற்கும். தேங்காய் உரிமட்டைகளையும் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்பலாம். இரண்டுமே அடிமரத்தையும் வீட்டுச் சுவரையும் தொடாமல் சற்றுத் தள்ளியிருக்கட்டும். இல்லையென்றால் கரையானுக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும். நிழல் என்றதும் வல்லாரை நினைவுக்கு வரும். அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும். மாமரத்துக்கோ பூவெடுக்கும் முன் சில வாரங்கள் மண் காய வேண்டும். மழை ஓய்ந்த பிறகும் வல்லாரைக்காக நீர் ஊற்றிக்கொண்டிருந்தால் மரம் பூவுக்குப் பதிலாகத் தளிர்விடக்கூடும். ஆகவே வல்லாரையைக் கிணற்றடியிலோ தொட்டியின் வடிகால் ஓரத்திலோ வையுங்கள். மரத்தடியில் வேர் குறைவாக உள்ள இடங்களில், கத்திபோல் நிமிர்ந்த இலைகளுள்ள மருள் செடி நன்றாக நிற்கும். கிளை விளிம்பை ஒட்டிச் சற்று வெளிச்சம் விழும் பகுதியில் மஞ்சள் வரும். தை மாதத்தில் மஞ்சளின் தாள் காய்ந்து இடம் வெறுமையாகும்போது சருகு அதை மூடிக்கொள்ளும்.

ஆட்டுக்கல்லை அழகுக்காக வைப்பதில் தவறில்லை, ஆனால் அதன் குழியை வெறுமையாக விடாதீர்கள். மழைநீர் ஒரு வாரம், பத்து நாள் தேங்கினாலே டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். குழியில் மணற்பாங்கான மண்ணை விளிம்புக்கு மேல் குவியும்படி நிரப்பி, வெயில் படும் இடத்தில் வைத்துப் பத்துமணிப் பூச்செடியை நடுங்கள். எஞ்சும் கற்களையும் ஓடுகளையும் குவியலாக விட்டுவைக்க வேண்டாம். பொந்துள்ள குவியலை எலி தேடி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கேள்வி: பழைய கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்துப் பாத்திக்கு வரப்பாக நிறுத்தலாமா? ஜல்லி பரப்புவதற்கு முன் களை வராமலிருக்க பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்கிறார்களே, அது சரியா?
வாசகர், விருதுநகர்

பதில்: ஆஸ்பெஸ்டாஸைத் தோட்டத்தில் எந்த வடிவிலும் பயன்படுத்தாதீர்கள். உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடுகின்றன. புற்றுநோய் உட்பட அவற்றால் வரும் நோய்கள் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன. முழுத் தகட்டை உடைக்காமல், நீர் தெளித்து நனைத்து, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இதை ஒப்படைக்க வேண்டிய இடத்தை நகராட்சியில் கேட்டு ஒப்படையுங்கள். பழைய வண்ணம் உரியும் கதவு, சன்னல் பலகைகளையும் கீரைப் பாத்தியின் அருகே வைக்காதீர்கள். அந்த வண்ணங்களில் ஈயம் இருந்திருக்கலாம்.

பிளாஸ்டிக் தாள் வேண்டாம். நீர் கீழிறங்காது, ஓரிரு ஆண்டில் ஜல்லியின்மேல் படியும் தூசியிலேயே களை முளைக்கும், தாளும் கிழிந்து மண்ணோடு கலந்துவிடும். களையை ஒருமுறை முழுமையாக எடுத்துவிட்டு மூன்று அங்குல உயரத்துக்கு ஜல்லி போட்டாலே பெரும்பாலான விதைகள் முளைப்பதில்லை.

கேள்வி: நாற்றுப் பண்ணையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வாங்கிய படர்செடி தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. இதைக் கீரையாகச் சமைக்கலாமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று மடல்களாகப் பிரிந்து, தடித்துப் பளபளப்பாக இருந்தால் அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த வெடேலியா, சமைக்க வேண்டாம். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை மடல் பிரியாமல் நீண்டு ஒடுங்கியிருக்கும். பூ இரண்டிலும் மஞ்சள்தான் என்பதால் விற்பவர்களே குழம்பிவிடுகிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் வெடேலியா இடம்பெற்றிருக்கிறது. நல்ல மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கி, சிமென்ட் தரையில் சருகாகும் வரை காயவையுங்கள். வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ பச்சையாக எறிந்தால் ஒரு கணுவே போதும், அங்கும் வேர் பிடித்துவிடும்.