காலி அறையை அப்படியே காட்சிக்கு வைக்கலாமா?

வணக்கம். கல்லூரி இறுதியாண்டுக் காட்சிக்கு 10க்கு 12 அடி அறை, தலைப்பு 'வெளி', கையில் காசில்லை, அறையைக் காலியாகவே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடலாம். ஆனால் வருகிறவர்கள் வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் நினைப்பார்கள். வெறுமை கண்ணில் படவும் ஓர் எல்லை வேண்டும்.

ஃபிரெட் சாண்ட்பேக் (1943–2003) என்ற அமெரிக்கச் சிற்பியின் வேலைகளைப் பாருங்கள். அக்ரிலிக் நூலைத் தரையிலிருந்து கூரைக்கு இழுத்துக் கட்டுவார், அவ்வளவுதான். நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அங்கே பெரிய கண்ணாடி நிற்பதுபோல் தோன்றும். கால் தானாகவே சுற்றிப் போகும். உங்கள் பட்ஜெட்டுக்கு இவரைவிடத் தோதான ஆசான் கிடையாது!

நைலான் வேண்டாம், பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்வெட்டர் பின்னுகிற உல்லன் நூல் போதும். அதன் மெல்லிய பிசிறு கோட்டின் ஓரத்தை மங்கலாக்குவது நல்லதுதான். ஸ்பாட் லைட் போட்டால் நிழல் விழுந்து ஒரு நூல் இரண்டாகத் தெரியும். பரவலான வெளிச்சமே சரி.

இன்னொரு வழி, ரேச்சல் வைட்ரீட் என்ற பிரிட்டிஷ் சிற்பியின் வழி. 1990இல் லண்டன் வீடு ஒன்றின் அறைக்குள் இருந்த வெற்றிடத்தையே பிளாஸ்டரில் வார்த்து 'கோஸ்ட்' (பேய்) என்ற சிற்பத்தைச் செய்தார். அந்த அளவு நமக்குக் கட்டாது. ஸ்டூலுக்கு அடியில் இருக்கும் இடத்தை வார்த்துப் பார்க்கலாம், ஆனால் கனக்கும்.

நான் என்றால் நூலைத்தான் எடுப்பேன். கூரையில் துளை போட விடுவார்களா என்று முதலில் துறையில் கேளுங்கள். விடாவிட்டால் அறை மூலையில், சுவரிலிருந்து தரைக்குச் சாய்வாகக் கட்டுங்கள்.