ராணுவ லாரியின் முன்பக்கம் மஞ்சள் வட்டத்தில் எழுதியிருக்கும் எண் எதற்கு?

மதுக்கரைப் பக்கம் ராணுவ லாரிகளில் பார்த்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். அது வண்டியின் பாலச் சுமை வகுப்பு. பலரும் நினைப்பதுபோல் நேரடியாக டன் கணக்கு அல்ல.

ஜெர்மனியில் பல பாலங்களின் முகப்பிலேயே இதே மஞ்சள் வட்டப் பலகை நிற்கும். நேட்டோ நாடுகளின் முறை அது. 4 முதல் 150 வரை 16 வகுப்புகள். வண்டியில் எழுதிய எண், பாலத்துப் பலகையில் உள்ள எண்ணைத் தாண்டாவிட்டால் தாராளமாகப் போகலாம். எதிரெதிராகப் போக ஓர் எண், ஒருவழியாகப் போக இன்னொன்று. ஒருவழி எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். சக்கர வண்டிக்கும் பீரங்கி வண்டிக்கும் தனித்தனிப் படம் போட்டிருப்பார்கள்.

டன்னை மட்டும் எழுதினால் போதாதா? போதாது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை அதேதான். ஆனால் இரண்டு அச்சில் இறங்கினால் ஒரு பாதிப்பு, நான்கு அச்சில் பரவினால் வேறு. அச்சுகளின் இடைவெளியும், பாலத்தின் தூணுக்குத் தூண் நீளமும் சேர்ந்துதான் தளம் எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிக்கும். அதையெல்லாம் கணக்குப் போட்டு ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுகிறார்கள். அவசரத்தில் ஓட்டுநர் கால்குலேட்டரா தட்டிக்கொண்டிருப்பார்?

நம்மூர் நெடுஞ்சாலைப் பாலங்களில் இந்தப் பலகை கிடையாதே என்றால், சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் இந்திய சாலைப் பேராயத்தின் கணக்கில் 70 டன் சங்கிலிச் சக்கர வண்டியும் ஒரு வடிவமைப்புச் சுமை, அதாவது பாலத்தை வடிவமைக்கும்போதே தாங்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும் சுமைகளில் ஒன்று. பீரங்கி வண்டியை மனதில் வைத்த கணக்குதான் அது.