கார் ஆடியோ ஆக்டிவ் சிஸ்டத்தை நானே டியூன் பண்ணலாமா, கடைக்கே விட்டுவிடவா?

டிஎஸ்பி (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் ஒலியைத் தனித்தனியாகச் சரிசெய்யும் பெட்டி), ஐந்து சானல் அம்ப் எல்லாம் வாங்கிய பிறகு டியூனிங்குக்குத் தனியாகக் காசு என்று கடையில் சொன்னதும் வந்த கேள்வி இது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் வந்தது. தாராளமாக நீங்களே செய்யலாம், ஆனால் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

நான் வயரிங்கை மட்டும் ஒரு பாஸிடம் கொடுத்துச் செய்வித்துவிட்டு, வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் கீழே வாகனத்தை நிறுத்தி, மடிக்கணினியை டிஎஸ்பியில் கொழுவினேன். அவர் ஏதோ தற்காலிக செட்டிங் போட்டிருந்தார். வெறும் பலகையில் தொடங்குவோம் என்று ரீசெட்டை அமத்தினேன், அதோடு கிராஸ்ஓவரும், அதாவது எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஒலி என்று பிரிக்கும் செட்டிங்கும், போய்விட்டது. சாதாரண செட்டில் அம்புக்கும் டுவீட்டருக்கும் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) நடுவே ஒரு பெட்டி இருந்து பேஸை வடிகட்டும், ஆக்டிவில் அப்படி எதுவும் கிடையாது, அம்பிலிருந்து நேரே கொயிலுக்குத்தான். பாட்டைப் போட்டேன், முதல் மிருதங்க அடிக்கே இடது டுவீட்டர் 'சர்ர்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது, லேசாக வார்னிஷ் கருகிய மணம். வலது உயிரோடு இருந்தது, ஆனால் கரகரத்தது. சோடியாகத்தான் விற்பார்கள், அதனால் இரண்டுக்கும் காசு.

அதற்குப் பிறகு எல்லாச் சானலையும் மியூட்டில் வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தேன். டுவீட்டர் 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே, கதவு ஸ்பீக்கர் 80 முதல் 3000 வரை, சப் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) 80க்குக் கீழே, எல்லாம் 24 டிபி சரிவு, அதாவது எல்லை தாண்டியதும் ஒலி வேகமாகக் குறையும். உங்கள் டுவீட்டர் சின்னதென்றால் இன்னும் மேலே வையுங்கள். "காதால் கேட்டே பண்ணலாம், இதெல்லாம் எதற்கு" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். பண்ணுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை, என் காதை நான் நம்பவில்லை, அவ்வளவுதான்.

டெய்லர் டேப்பால் அளந்ததில் என் தலையிலிருந்து வலது டுவீட்டர் 85 செ.மீ., இடது 130. சத்தம் ஒரு மில்லிசெக்கனில் கிட்டத்தட்ட 34 செ.மீ. போகும், ஆகவே இரண்டும் காதுக்கு ஒன்றாக வந்து சேர, 45 செ.மீ. வித்தியாசத்துக்கு வலதை 1.3 மில்லிசெக்கன் பிந்த வைக்க வேண்டும். இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம், வெளிநாட்டு வீடியோ பார்த்து இடதைப் பிந்த வைத்துவிடாதீர்கள். கதவு ஸ்பீக்கரையும் இப்படியே அளந்து போட்டதும், என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த ஆள் டேஷ்போர்டு நடுவுக்கு வந்து நின்றார். காதில் விழுந்ததும் நானே தனியாகச் சிரித்துவிட்டேன்.

ஒலியை அளக்க மைக் வைத்துப் பிங்க் நாய்ஸ் ('ஸ்ஸ்' என்று விடாமல் இரையும் சோதனைச் சத்தம்) ஓட விட்டபோது செக்கியூரிட்டி ஐயா ஓடி வந்து, "தம்பி, காஸ் லீக் ஆகுது!" என்றார். விளக்கிச் சொன்னேன், நம்பவில்லை. மறுநாள் லிஃப்டில் நோட்டீஸ்: வாகனத் தரிப்பிடத்தில் சத்தம் எழுப்பக் கூடாதாம். அதே லிஃப்ட் மூன்று மாதமாக நாலாம் மாடியில் நிற்பதில்லை, அதற்கு நோட்டீஸ் இல்லை. மாதாமாதம் பராமரிப்புக் காசு மட்டும் தேதி தவறாமல் கேட்பார்கள்.

சரி, சப்புக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்தபின் ஃபேஸை (பிளஸ்-மைனஸ் திசையை) ஒருமுறை மாற்றிப் பாருங்கள், 80 ஹெர்ட்ஸ் பக்கம் எது பலமாகக் கேட்கிறதோ அதை விடுங்கள். அப்புறம் டுவீட்டர் வயரில் தொடராக ஒரு கபாசிட்டர் போடுங்கள், 4 ஓமுக்கு 47 மைக்ரோஃபாரட் என்றால் 850 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டும், நீங்கள் வைத்த 3000ஐப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ரீசெட்டில் கை பட்டாலும் தப்பிக்கக் கொஞ்சம் வாய்ப்புண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாதது) என்று கேட்டு வாங்குங்கள்.