ஒருத்தன் வாங்கி மூணு பேர் ஆடினால் கம்பெனி பிழைக்குமா?

அம்மா, சனிக்கிழமை சுங்கை சிப்புட் கூட்டம் கலைந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்: “பெரியவன் ஒரு கேம் வாங்கினான் சார். அதையே சின்னவனும் தங்கச்சியும் ஆடுறாங்க. இப்படின்னா யார் காசு குடுப்பா? இவன் கேம் செய்யத்தான் படிப்பேங்கிறான்.” வரிசையில் ஆள் நின்றதால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிள்ளைகள் செய்வது திருட்டு இல்லை. கணினி கேம்களை இணையத்தில் விற்கிற ஸ்டீம் கடையே 2024-இல் ‘ஸ்டீம் ஃபேமிலீஸ்’ என்று இதற்கு வழி திறந்தது. ஒரே வீட்டார் ஆறு பேர் வரை சேரலாம். ஆனால் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். அண்ணனும் தம்பியும் ஒன்றாக ஆட ஆசைப்பட்டால் பெரும்பாலும் இரண்டு வாங்க வேண்டும். வேண்டாம் என்று நினைக்கும் தயாரிப்பாளர் தன் கேமைப் பகிர்விலிருந்து எடுத்துவிடலாம். எங்கள் தோட்ட லயத்தில் அப்பா வாங்கிய ஒரே தமிழ் நேசன் பத்திரிகை சாயங்காலத்துக்குள் ஏழெட்டு வீடு சுற்றிவரும். அதற்கு இப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது!

அடி விழுவது, கதையை ஒருமுறை முடித்ததும் மூடிவைக்கிற சின்ன கேமுக்குத்தான். அண்ணன் முடித்ததைத் தம்பி எடுத்தால் இரண்டாவது விற்பனை போச்சு. விற்ற காசில் ஸ்டீம் வழக்கமாக 30 விழுக்காடு பிடித்துக்கொள்ளும். சிறு ஸ்டூடியோவுக்கு ஒவ்வொரு பிரதியும் கணக்கு. சேர்ந்து ஆடும் கேமுக்கோ பகிர்வே விளம்பரம். ஸ்வீடனின் ஹேஸ்லைட் ஸ்டூடியோ 2021-இல் வெளியிட்ட ‘இட் டேக்ஸ் டூ’வை இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. ஒருவர் வாங்கினால் போதும், கூட்டாளி இலவசமாகச் சேரலாம். அப்படியும் 2 கோடிப் பிரதிக்கு மேல் போனது.

உங்கள் மகனின் சம்பளத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. லெமன் ஸ்கை போன்ற நம் மலேசிய ஸ்டூடியோக்கள் வெளிநாட்டு கேம்களுக்கு ஓவிய வேலையை ஒப்பந்தத்தில் செய்து கொடுக்கின்றன. அங்கே மாதச் சம்பளம் எத்தனை பிரதி விற்றது என்பதோடு நேராக ஒட்டியிருக்காது. அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடவும் வேண்டாம்; வெளிநாட்டுக்காரன் செலவைச் சுருக்கினால் ஒப்பந்த வேலைதான் முதலில் நிற்கும். எனக்குப் பயம் பகிர்வைப் பற்றியல்ல, இதைப் பற்றித்தான்.

அதனால் பட்டத்தின் பெயரில் ‘கேம்’ இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கணினி அறிவியல் எடுத்தால் கேம் வேலை இல்லாத வருஷத்திலும் வேறு கதவு திறக்கும். பள்ளியில் கூடுதல் கணிதப் பாடத்தை மட்டும் கைவிட விடாதீர்கள். மலாக்காவிலுள்ள யுடெம் அரசுப் பல்கலைக்கழகம். முதலில் அதைப் பாருங்கள். தனியார் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்து இப்போதே முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடிவு வரும்வரை அவனுக்குச் சில மாதம் கிடைக்கும். கேம் செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருள் இலவசம். அதில் பத்து நிமிஷம் ஆடக்கூடிய ஒரு கேமை முழுசாக முடிக்கச் சொல்லுங்கள். முடிவு வந்த வாரம் அவனோடு வாருங்கள், பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் பற்றிப் பேசுவோம். வருவதற்கு முன்னால் அந்தக் கேமை நீங்களும் ஒருமுறை ஆடிப் பார்த்துவிடுங்கள்.