கரண்ட் அக்கவுண்ட்டில் கிடக்கும் 60 லட்சம் உண்மையில் உபரிதானா?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்காரரின் கேள்வி: “போன வருடம் இஆர்பி (சரக்கு, வசூல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் மென்பொருள்) போட்டோம். ஸ்டாக் குறைந்தது, வசூலும் சீக்கிரம் வருகிறது. கரண்ட் அக்கவுண்ட்டில் சராசரியாக 60 லட்சம் சும்மா கிடக்கிறது. சிசியில் (பாங்க் தரும் கேஷ் கிரெடிட் கடனில்) 25 லட்சம் பாக்கி. ஆடிட்டர் லிக்விட் ஃபண்டு (குறுகிய காலப் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டு) என்கிறார், மகன் ஆப் வழியாக எஃப் அண்ட் ஓ (பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) பார்க்கலாம் என்கிறான். எது சரி?”

முதலில் சிசியைக் கட்டுங்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் 25 லட்சத்துக்கு வருடம் இரண்டரை லட்சம் போகிறது. அதே பணம் ஃபண்டில் 6.5 சதவீதம் சம்பாதித்தாலும் 1.62 லட்சம்தான். வட்டியைச் செலவில் காட்டலாமே என்பீர்கள், ஃபண்டு லாபத்துக்கும் வரி உண்டே! கட்டிய பணம் தேவைப்பட்டால் வரம்புக்குள் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். (வருடக்கணக்கில் தொடாமலே விட்டால் ரின்யூவலில் பாங்க் வரம்பைக் குறைக்கப் பார்க்கும், அதை மட்டும் கவனியுங்கள்.)

அப்புறம் அந்த “சராசரி 60 லட்சம்”. சராசரியை நம்பி முதலீடு செய்யாதீர்கள். 7ஆம் தேதி டிடிஎஸ், 15ஆம் தேதி பிஎஃப், 20ஆம் தேதி ஜிஎஸ்டி என்று மாதம் முழுக்க அந்தப் பணத்துக்கு ஆள் காத்திருக்கிறது. அதில் ஒரு பங்கு நீங்கள் வசூலித்து வைத்திருக்கும் ஜிஎஸ்டி, இன்னொரு பங்கு வார்ப்படக்காரருக்குத் தர வேண்டியது. அவர் பதிவு செய்த சிறு நிறுவனம் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்காத பாக்கியை, கையிலிருந்து போகும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது.

ஆகவே இஆர்பியிலிருந்து 12 மாதத்தின் தினசரி இருப்பை எக்செல்லில் இறக்கி, மிகக் குறைந்த நாளைத் தேடுங்கள். மார்ச் 15 முன்கூட்டிய வரி கட்டிய வாரத்தில் 32 லட்சம் என்று நின்றிருந்தால், உங்கள் உபரி அந்த 32தான். சிசிக்கு 25 போனால் மீதி 7. இதற்கா எஃப் அண்ட் ஓ?

இஆர்பி வந்ததால் லாபம் கூடிவிடவில்லை. சரக்கு 60 நாளிலிருந்து 40 நாளாகக் குறைந்தால், 20 நாள் சரக்கில் முடங்கியிருந்த பணம் ஒரே ஒரு தடவை வெளியே வரும், அவ்வளவுதான். ஆர்டர் கூடும்போது சரக்கும் வரவேண்டிய பாக்கியும் அதில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கும். ஆனால் தினமும் காலையில் போனில் இருப்பு தெரிவதாலும், ஆப்பில் நாலு தட்டு தட்டினால் வாங்கிவிட முடிவதாலும் கை அரிக்கத்தான் செய்யும். முன்பு கணக்கப்பிள்ளை மாதக் கடைசியில் சொன்னால்தான் முதலாளிக்கே இருப்பு தெரியும்.

எஃப் அண்ட் ஓ பற்றி 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வை மகனுக்குக் காட்டுங்கள்: 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர் வர்த்தகர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். கம்பெனிப் பணம் என்றால் அந்தக் கணக்கு மாறிவிடுமா என்ன, பட்டனை அழுத்தப் போவது அதே மகன்தான்.

மீதியை லிக்விட் ஃபண்டில் போடலாம். 91 நாளுக்குள் முதிரும் பத்திரங்கள்தான் அதில் இருக்கும். 7 நாளுக்குள் எடுத்தால் சிறு கட்டணம், விற்றால் சாதாரணமாக அடுத்த வேலை நாளில் பணம் வரும். போர்டு தீர்மானம் போட்டு, கம்பெனி பெயரிலேயே வாங்குங்கள், மகன் பெயரில் வேண்டாம்.

உங்கள் பெரிய வாடிக்கையாளர் ட்ரெட்ஸில் (சிறு நிறுவனங்கள் தங்கள் பில்லுக்கு முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளம்) இருக்கிறாரா என்றும் கேளுங்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதிய வேண்டும். அவர் ஏற்ற பில்லை அங்கே பாங்குகள் ஏலத்தில் எடுத்துப் பணம் தரும், அவர் பிறகு கட்டாமல் போனாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அந்த வழி திறந்திருந்தால் அவசரத்துக்கென்று ஒதுக்கும் தொகையையும் குறைக்கலாம். அடுத்த வருடமும் அந்தக் குறைந்த நாள் இருப்பு ஏறியிருந்தால், புது சிஎன்சி மெஷினுக்கு (கம்ப்யூட்டர் இயக்கும் கடைசல் எந்திரம் போன்றது) கொட்டேஷன் வாங்குங்கள்.