61-ஆம் எண் ஆரஞ்சு கார்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் சார்லட்டில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு வங்கியில் வேலை. போன சனிக்கிழமை மகனை, நாஸ்கார் என்கிற கார் பந்தய அமைப்பின் சாதனையாளர் கூடமான ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கூட்டிப் போனேன். ரிச்சர்ட் பெட்டி, டேல் எர்ன்ஹார்ட் என்று பெரிய ஆட்களின் நடுவே ரிச்சி எவன்ஸ் என்று ஒருவர். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், முதன்மைத் தொடரான கப் போட்டிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. வடகிழக்கு மாநிலங்களின் சின்னச் சின்ன மைதானங்களில் ஓட்டியவர். ரஞ்சி ஆட்டக்காரரை டெண்டுல்கர் பக்கத்தில் நிறுத்திய மாதிரி இல்லையா இது? அவ்வளவு திறமை இருந்தவர் ஏன் மேலே போகவில்லை? இந்தப் பந்தயங்களை 'செக்குமாட்டு ஓட்டம்' என்று நீங்கள் ஒரு முறை எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களிடமே கேட்கிறேன். எவன்ஸ் காரைப் பார்த்துப் பையன் கேட்டது வேறு கேள்வி: "இந்தக் காருக்கு மட்டும் ஏன்ப்பா சக்கரம் வெளியே நிக்குது?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

செக்குமாடு என்று எழுதியது நான்தான். தொலைக்காட்சியில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுதிய வரி. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ரஞ்சி ஒப்புமை எனக்குச் சரியாகப் படவில்லை. ரஞ்சியில் ஆடுகிற பையன் ஒரு கண்ணை இந்திய அணி மேல் வைத்துக்கொண்டுதான் ஆடுகிறான். எவன்ஸ் ஓட்டிய மாடிஃபைடு வகைக் கார், அதாவது பந்தயத்துக்காக வெட்டி ஒட்டி மாற்றியமைத்த கார், தனி உலகம். கூத்தையும் சினிமாவையும் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் நெருங்கி வரும். பங்குனி சித்திரையில் ஊர் ஊராகப் போய் விடிய விடியக் கூத்துக் கட்டுகிறவரை, சினிமாவுக்குப் போகாத நடிகர் என்று யாராவது அறிமுகம் செய்வார்களா?

வயதிலும் மாடிஃபைடுதான் மூத்தது. 1948 பிப்ரவரி 15 அன்று டேட்டோனா கடற்கரையில் நாஸ்கார் தன் முதல் பந்தயத்தை நடத்தியது. ஓடியவை மாடிஃபைடு கார்கள், ஜெயித்தவர் ரெட் பைரன். பிற்பாடு கப் தொடராக வளர்ந்த போட்டி அடுத்த வருஷம்தான் வந்தது.

எவன்ஸ் நியூயார்க் மாநிலத்துக்காரர். நியூயார்க் என்றதும் மன்ஹாட்டனை நினைக்க வேண்டாம். மாநிலத்தின் நடுவில் ரோம் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஈரி கால்வாயை 1817-ல் வெட்டத் தொடங்கிய இடம். செம்பு ஆலைகளும் விமானப்படைத் தளமுமாக இருந்த ஊர், குளிர்காலத்தில் பனி கொட்டித் தள்ளும். அதன் பக்கத்துக் கிராமத்தில் 1941-ல் பிறந்து, 16 வயதில் குடும்பப் பண்ணையை விட்டு ஒரு மெக்கானிக் பட்டறையில் சேர்ந்தார். முதலில் தெருவில் ஓட்டினார், அப்புறம் நேர்கோட்டில் சீறிப் போகும் டிராக் (drag) பந்தயம். 1962-ல் ஒரு 1954 ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு உள்ளூர் யூட்டிகா-ரோம் ஸ்பீட்வேயில் இறங்கினார். மாடிஃபைடுக்கு வந்தது 1965-ல். அந்த வருஷத்தின் கடைசி இரவில்தான் முதல் வெற்றி.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். 1971 முதல் 1985 வரை பதினைந்து வருஷம் நாஸ்கார் தேசிய மாடிஃபைடு பட்டம் ரோமை விட்டு வெளியே போகவில்லை. ஆறு முறை ஜெரி குக், ஒன்பது முறை எவன்ஸ். இரண்டு பேரும் அதே ஊர்க்காரர்கள். 1978-லிருந்து எட்டு வருஷம் தொடர்ந்து எவன்ஸ்தான்.

அந்தப் பட்டத்தை வாங்குவது எப்படி என்று தெரிந்தால் உங்கள் கேள்வி பாதி கரைந்துவிடும். 1984 வரைக்கும் மொத்தமாக ஒரு அட்டவணை கிடையாது. நாஸ்கார் அங்கீகாரம் பெற்ற மைதானங்கள் பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தன. எங்கே ஓடினாலும் புள்ளி சேரும். அதனால் பட்டம் வேண்டும் என்கிறவர் இன்றிரவு கனெக்டிகட்டில் ஸ்டாஃபோர்டு, நாளை இரவு நியூயார்க்கில் ஏதோ ஒரு மைதானம் என்று காரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையிலேயே குடியிருக்க வேண்டும். 1979-ல் எவன்ஸ் நாஸ்கார் பந்தயங்கள் மட்டும் 60 ஓடி 37-ல் ஜெயித்தார். அதே வருஷம் கப் தொடரில் மொத்தமே 31 பந்தயம்தான். இன்னொன்று: இந்த மாதிரி வாராந்திர மைதானங்களில் தொடர்ந்து ஜெயிக்கிறவரைப் பெரும்பாலும் பின்வரிசையில் இருந்து கிளப்புவார்கள். முப்பது, முப்பத்தைந்து சுற்றுக்குள் ஒவ்வொருவராகத் தாண்டி வர வேண்டும்.

மைதானத்துக்கு மைதானம் நீளமும் வேறு. ஒன்று அரை மைல், இன்னொன்று அதற்குக் கொஞ்சம் மேலே. ராத்திரியோடு ராத்திரியாக கியர் விகிதத்தை மாற்றியாக வேண்டும். அதற்காகவே பின் அச்சில் ஒரு மூடி இருக்கும். கழற்றினால் இரண்டு பல்சக்கரங்கள் கையோடு வந்துவிடும், வேறு ஜோடியைப் போட்டு மூடிவிடலாம்.

செக்குமாடு விஷயத்துக்கு வருகிறேன். டீ குடித்த காகித டம்ளரை மேஜையில் படுக்க வைத்துத் தள்ளிப் பாருங்கள். நேராகப் போகாது, வட்டமடிக்கும். ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. மாடிஃபைடு காரின் பின் டயர்களில் இதே வித்தைதான். வட்ட மைதானத்தில் எப்போதும் இடது பக்கமே வளைய வேண்டும் என்பதால், வலது டயரின் சுற்றளவு இடதைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கும், கார் தானாகவே இடது பக்கம் திரும்பப் பார்க்கும். பந்தயத்துக்கு முன்னால் ஒரு ஆள் குனிந்து தையற்காரர் மாதிரி டயரைச் சுற்றி டேப்பைப் பிடித்து அளந்து, எண்ணை சாக்பீஸால் டயர் மேலேயே எழுதுவார். காற்று ஏறினாலும் சூடு ஏறினாலும் அந்த எண் மாறும். கால் அங்குலம் பிசகினால் வளைவில் காரைப் பிடித்து நிறுத்துவதே பாடாகிவிடும். செக்கில் இப்படி எந்த மாடும் கஷ்டப்பட்டதில்லை.

ஏன் மேலே போகவில்லை? போனவர் ஒருவர் இருக்கிறார், அவரை வைத்தே பார்க்கலாம். அதே நியூயார்க் மாநிலத்தின் ஜெஃப் போடைன். 1978-ல் மாடிஃபைடில் 84 பந்தயங்களில் 55 வெற்றி, கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது. கப் தொடருக்குப் போய் 1982-ல் சிறந்த புதுமுகம் ஆனார், 1986-ல் அந்தத் தொடரின் பெரிய பந்தயமான டேட்டோனா 500 ஜெயித்தார். நல்ல வாழ்க்கைதான். ஆனால் அத்தனை வருஷக் கப் ஓட்டத்தில் அவர் ஜெயித்தது 18. எவன்ஸ் கணக்கில் 400-க்கும் மேல். பெரிய இடத்தில் 18 மதிப்பானதா, தன் இடத்தில் 400 மதிப்பானதா என்று கேட்டால் ஊர் இரண்டாகப் பிரியும். நான் இரண்டாவது கட்சி.

இவர்கள் இரண்டு பேரும் 1981-ல் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில் மோதியதைத் தேடிப் பாருங்கள். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. கார்கள் உரசிச் சுவரில் போய் இடிக்கின்றன. எவன்ஸின் நொறுங்கிப்போன ஆரஞ்சு கார் சுவரோடு தேய்த்துக்கொண்டே முதலில் கோட்டைத் தாண்டுகிறது. போடைன் அப்போது ஏற்கெனவே கப்பில் எட்டிப் பார்த்துவிட்டவர். மாடிஃபைடு பந்தயத்தைக் கைவிட அவருக்கும் மனசு வரவில்லை பாருங்கள்.

1985-ல் நாஸ்கார் அந்தப் பழைய அலைச்சல் கணக்கை நிறுத்திவிட்டு, மாடிஃபைடுக்கென்று அட்டவணையோடு ஒரு சுற்றுத்தொடரைத் தொடங்கியது. நிர்வாகப் பொறுப்பில் வந்தவர் யார் தெரியுமா? ஓட்டுவதை நிறுத்திவிட்டிருந்த ஜெரி குக். தன் பழைய போட்டியாளர் நடத்திய தொடரில் எவன்ஸ் 12 பந்தயங்களை ஜெயித்து, சீசன் முடியும் முன்பே பட்டத்தை உறுதி செய்தார். கடைசிப் பந்தயம் மார்ட்டின்ஸ்வில். புள்ளிக்காக அவர் அங்கே வர வேண்டியதே இல்லை. அக்டோபர் 24, வியாழக்கிழமை, பயிற்சி ஓட்டத்தில் கார் மூன்றாம் வளைவில் சுவரில் மோதி இறந்துபோனார். 44 வயது.

மாடிஃபைடு தொடரில் அவர் காரின் 61 என்ற எண்ணை அப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை. ஹால் ஆஃப் ஃபேமில் 2012-ல் சேர்த்தார்கள், மூன்றாவது ஆண்டுத் தேர்விலேயே. குக் 2016-ல் வந்து சேர்ந்தார். அடுத்த முறை போகும்போது அவரையும் தேடுங்கள்.

பையன் கேட்டதுதான் உங்கள் கேள்வியைவிட நல்ல கேள்வி. இந்தக் கார்கள் ஆதியில் 1930-களின் பழைய கூப்பேக்கள், அதாவது இரண்டு கதவுக் கார்கள். நெருக்கியடித்து ஓடும்போது மட்கார்டு நசுங்கி டயரில் உரசும், டயர் கிழியும். எடையும் தண்டம். அதனால் வெட்டி எறிந்தார்கள். மேலே உள்ள கூடு பிண்டோ, வேகா, கவாலியர் என்று கார் மாடலுக்கு மாடல் மாறிக்கொண்டே வந்தது, மட்கார்டு மட்டும் திரும்பி வரவில்லை. டயர் அகலமாக ஆக, சக்கரம் இன்னும் வெளியே வந்து நின்றது. இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காகித டம்ளரையும் உருட்டிக் காட்டுங்கள்.

அன்புடன்.