பள்ளி விழா நுழைவுச்சீட்டுக்கு நட்டம் வராத விலையை இயற்கணிதத்தால் கண்டுபிடிப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைச் சேர்ந்த நீங்கள், நவம்பரில் மாணவர்கள் நடத்தவிருக்கும் நாடக விழாவுக்கு இலாபமும் வேண்டாம், நட்டமும் கூடாது என்றால் சீட்டு விலையை எவ்வளவு வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையிலும், பள்ளி விழாக்களின் வரவு செலவைப் பார்த்து வருபவன் என்ற முறையிலும் பதில் தருகிறேன். மொத்தச் செலவை வருவோர் எண்ணிக்கையால் வகுத்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். அது போதாது. வருவோர் கூடினால் செலவும் கூடுகிறது. விலையைக் கூட்டினால் வருவோர் குறைகிறார்கள்.

முதலில் செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது நிலையான செலவு. நீங்கள் தந்த தொகைகளில் மண்டப வாடகை 6,000 ரூபாய், ஒலி ஒளி அமைப்பு 5,500, ஜெனரேட்டரும் டீசலும் 3,500, ஆடை அணிகலன் வாடகையும் அவற்றை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவரும் வண்டியும் 4,000, அழைப்பிதழ் 1,000 ஆகியவை இதில் சேரும், கூட்டினால் 20,000. தேநீர் 12, வர்க்கியும் பஜ்ஜியும் 11, சீட்டு அச்சு 2 என்று ஆளுக்கு 25 ரூபாய் ஆவது தலைக்கணக்கு. பிளாஸ்டிக் குவளைகளுக்கு நம் மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் டம்ளர்களை மொத்தமாக வாடகைக்கு எடுத்தால் அது நிலையான செலவு; பாக்குமட்டைத் தட்டுகளை எண்ணி வாங்கினால் அது தலைக்கணக்கு. சீட்டு வாங்காத நடிகர்களும் விருந்தினர்களுமாக 50 பேருக்குத் தேநீரும் சிற்றுண்டியும் தர வேண்டும் அல்லவா? அந்த 1,150 ரூபாயை உங்கள் பட்டியலில் காணவில்லை. அதை நிலையான செலவில் சேர்த்தால் 21,150 ஆகிறது.

நிலையான செலவை 'நி', ஆளுக்கு ஆகும் செலவை 'த', சீட்டு விலையை 'வி', விற்கும் சீட்டுகளின் எண்ணிக்கையை 'எ' என்று கொள்வோம். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் வி × எ = நி + த × எ. இதை வி = த + நி ÷ எ என்றும், எ = நி ÷ (வி − த) என்றும் மாற்றி எழுதலாம். முதல் வடிவத்தில் 250 பேருக்கு விலை 109.60 ரூபாய், 200 பேருக்கு 130.75, 160 பேருக்கு 157 ரூபாய்க்கும் மேல். எண்ணிக்கையை ஊகித்து விலை காண்பதைவிட, விலையை வைத்துத் தேவையான எண்ணிக்கையைக் காணும் இரண்டாவது வடிவத்தையே நான் நம்புகிறேன். 110 ரூபாய் வைத்தால் 21,150 ÷ 85, அதாவது 249 சீட்டுகள் விற்றாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதத்தில், பனிமூட்டத்தோடு இருட்டுகிற நேரத்தில், ஊருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களிலிருந்து 249 பேர் வருவார்களா என்று அந்த எண்ணைப் பார்த்துக் கேட்க முடிகிறது, 109.60 என்ற விலையைப் பார்த்து அப்படிக் கேட்க முடிவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 250 பேருக்கு வர்க்கியும் பஜ்ஜியும் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள் என்றால், அந்த 11 ரூபாய் அதன்பிறகு தலைக்கணக்கு அன்று, நிலையான செலவாகிவிடுகிறது. 110 ரூபாய் விலையில் 200 பேர் மட்டும் வந்தால் பற்றாக்குறை 4,150 என்று சமன்பாடு காட்டும். உண்மையில் வீணாகும் 50 பேர் சிற்றுண்டியையும் சேர்த்து 4,700 ஆகும். ஆகவே சீட்டுகளை வாசலில் விற்காமல், பசுந்தேயிலை விற்ற பணம் தொழிற்சாலையிலிருந்து பெற்றோர் கைக்கு வரும் வாரத்தில் முன்பே விற்றுவிட்டு, அதன் பிறகு சிற்றுண்டிக்குச் சொல்லுங்கள்.

இனி, விலைக்கும் வருகைக்கும் உள்ள தொடர்பு. பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பி, இரண்டு விலைகளைக் குறிப்பிட்டு, எந்த விலைக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேளுங்கள். 100 ரூபாய்க்கு 280 பேர், 150 ரூபாய்க்கு 180 பேர் என்று விடை வந்ததாக வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு இரண்டு பேர் வீதம் குறைகிறார்கள்; எனவே எ = 480 − 2வி. இதைப் பழைய சமன்பாட்டில் இட்டால் (வி − 25)(480 − 2வி) = 21,150; விரித்துச் சுருக்கினால் வி² − 265வி + 16,575 = 0. பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் தீர்க்கக்கூடிய இருபடிச் சமன்பாடு இது. மூலங்கள் ஏறத்தாழ 101.18, 163.82. இரண்டு விலையிலும் கணக்கு நேராகும். முன்னதில் 277 பேரும் பின்னதில் 152 பேரும் நாடகம் பார்ப்பார்கள். இடைப்பட்ட எந்த விலையிலும் சிறிது மிச்சம் உண்டு, நடுவில், 132.50 ரூபாயில், அது மிக அதிகமாக 1,962 ரூபாய். ஆகவே நிலையான செலவு ஏறத்தாழ 23,112 ரூபாயைத் தாண்டிவிட்டால் தன்மைக்காட்டி, அதாவது இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்யான மூலங்கள் உண்டா என்று காட்டும் எண், குறை எண்ணாகிவிடும். எந்த விலையும் விழாவைக் காப்பாற்றாது. அப்போது விலையைத் தேடுவதை விட்டுவிட்டு மண்டபத்தையோ ஒலி ஒளி அமைப்பையோதான் குறைக்க வேண்டும்.

இந்த எண்கள் உங்களுடையவையாக இருந்தால் நான் 120 ரூபாய் வைப்பேன். 110 ரூபாய்க்கு 260 பேர் வருவார்கள், 249 பேர் தேவை. மழைக்கு விடும் இடம் 11 பேர்தான். 120 ரூபாய்க்கு 240 பேர் வருவார்கள், 223 பேர் போதும். இடம் 17 பேராகிறது. 130 ரூபாய்க்கு ஏற்றினாலும் அது 18 தான், ஆனால் 20 பேர் வராமல் போகிறார்கள். அந்த ஒரே ஓர் ஆள் இடைவெளிக்காக 20 பேரை வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப்படவில்லை.

மாணவர்களுக்கு அரை விலை என்று முடிவு செய்தால் பெரியவர் விலை ஏறும். 150 பெரியவர்களும் 100 மாணவர்களும் வருவதாகக் கொண்டால் 150வி + 50வி = 21,150 + 6,250; வி 137 ரூபாய். சலுகை எதுவானாலும் 25 ரூபாய்க்குக் கீழே போனால் ஒவ்வொரு சீட்டும் பற்றாக்குறையைக் கூட்டும். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் 20 பேரை இலவசமாக அழைக்க விரும்பினால், தயங்காமல் அழைத்து, ஆளுக்கு 25 வீதம் 500 ரூபாயை 'நி'யில் வெளிப்படையாகச் சேருங்கள். 120 ரூபாய் விலையில் தேவைப்படும் சீட்டுகள் 223-இலிருந்து 228 ஆகும். 240 பேர் வருவதாகச் சொல்லியிருக்கும் இடத்தில் அது தாங்கக்கூடியதே.